அமெரிக்கா கேசட் உருளுது, ஜித்தா கேசட்டில் கலர் இல்லை: என்ன செய்வது?

மேல்விஷாரத்திலிருந்து ஒரு சகோதரி நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், தெரு எதுவும் வெளியே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டதால் அதையெல்லாம் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் மூன்று வி.எச்.எஸ். வீடியோ கேசட்டுகள் இருக்கின்றன. ஒன்று, 1988-ல் நடந்த பெரிய அக்காவின் நிக்காஹ். இங்கேயே எடுத்தது, அட்டையில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று ஸ்டூடியோக்காரர் முத்திரை இன்னும் அழியாமல் இருக்கிறதாம். இரண்டாவது, அந்த அக்கா நியூ ஜெர்சியில் குடியேறிய பிறகு 1994-ல் அனுப்பியது, முதல் குழந்தை தவழ்ந்து நடக்கப் பழகிய மாதங்கள். மூன்றாவது, அத்தா ஜித்தாவில் வேலை பார்த்தபோது கொண்டுவந்தது. 1991-ல் அத்தாவும் அம்மாவும் ஹஜ்ஜுக்குப் போயிருந்த நாட்களில், ரூமில் கூட இருந்தவர் ஒருவர் சவூதி டி.வி.யில் வந்த ஹஜ் ஒளிபரப்பை ரெக்கார்ட் செய்து வைத்திருந்தார். ‘அந்தக் கூட்டத்துல எங்கயோ நாங்க இருக்கோம்’ என்று அத்தா காட்டிக் காட்டிச் சொல்வாராம். அதே கேசட்டின் கடைசிப் பத்து நிமிடத்தில் அத்தா ரூமில் உட்கார்ந்து ஊரில் இருக்கும் பிள்ளைகளிடம் பேசுகிறார். அத்தா போய் ஆறு வருடம் ஆகிறது.

பக்கத்து வீட்டுப் பழைய டெக்கை (கேசட்டை ஓட்டும் வி.சி.ஆர்.) வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கிறார். அமெரிக்கா கேசட் மேலும் கீழும் உருண்டது, குரல் இழுத்தது. ஜித்தா கேசட்டில் ஹஜ் முழுக்கக் கறுப்பு வெள்ளை, அத்தா பேசும் பகுதி மட்டும் கலர். நிக்காஹ் கேசட்டையும் அமெரிக்கா கேசட்டையும் ஒரு கடையில் கொடுத்தார். ‘பூசணம் பிடிச்சிருக்கு’ என்று நிக்காஹ் கேசட்டைப் பாதியில் திருப்பித் தந்துவிட்டார்கள். அமெரிக்கா கேசட்டுக்கு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு பென் டிரைவ் கொடுத்தார்கள். அதில் படம் கறுப்பு வெள்ளை, விட்டு விட்டு ஓடுகிறது, எல்லார் முகமும் அகலமாக இருக்கிறது. கேட்டால், ‘கேசட்டுல கலர் செத்துப்போச்சு, வயசாயிடுச்சு’ என்ற பதில். போதாக்குறைக்கு நிக்காஹ் கேசட்டிலிருந்து அரை நிமிடத்தை எடுத்து அந்தக் கடை தன் விளம்பரமாக இணையத்தில் போட்டிருக்கிறது. இவர் பூசணம் போகட்டும் என்று கேசட்டை இரண்டு நாள் மாடியில் வெயிலில் வைத்தாராம்.

கேள்விகள் இவை: கேசட்டுகள் செத்துவிட்டனவா? நம் டி.வி.க்கு ஏற்றமாதிரி மாற்ற வேண்டுமா? அக்காவிடம் அமெரிக்காவுக்கு அனுப்பலாமா? தம்பி சொல்கிறபடி பழைய டெக் ஒன்று வாங்கலாமா? அந்தக் கடையை என்ன செய்வது?

சகோதரி, முதலில் நீங்கள் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன், அமெரிக்கா கேசட்டும் ஜித்தா கேசட்டும் உயிரோடுதான் இருக்கின்றன. வேலூரில் முப்பது வருடத்துக்கு மேல் டெக்கோடும் கேசட்டோடும் இருந்துவிட்டேன், இந்த இரண்டு அறிகுறியையும் பார்த்த உடனே தெரிந்துவிடும். கலர் போட்டோ வெளிறுவது மாதிரி கேசட்டில் கலர் மட்டும் தனியாக வெளிறுவது கிடையாது. அதில் இருப்பது சாயம் இல்லை, காந்தப் பதிவு. கெட்டால் படத்தில் வெள்ளைப் பொட்டு பொட்டாக விழும், கோடு ஓடும், சத்தம் மங்கும். படம் தெளிவாக நின்று கலர் மட்டும் சுத்தமாக இல்லை என்றால், டெக்குக்கு அந்தக் கலரைப் படிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம்.

மூன்று கேசட், மூன்று பாஷை

அமெரிக்காவில் கரன்ட் 60 சைக்கிள், நம் ஊரில் 50. அதையொட்டியே டி.வி. முறைகளும் பிரிந்தன. அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறையில் ஒரு படத்துக்கு 525 கோடு, நொடிக்கு சுமார் 60 அரைப்படம். நம் ‘பால்’ முறையில் 625 கோடு, நொடிக்கு 50 அரைப்படம். இரண்டு அரைப்படம் பின்னிக்கொண்டால் ஒரு முழுப்படம், ஆக அங்கே 30-க்கு ஒரு நூலிழை குறைவு (29.97), இங்கே 25. ‘பால்’ முறையை ஜெர்மனியின் டெலிஃபுங்கன் கம்பெனியில் வால்டர் புரூக் உருவாக்கினார், 1982-ல் இந்தியாவில் கலர் டி.வி. வந்தபோது நாம் எடுத்துக்கொண்டது அதைத்தான். செகாம் என்பது பிரான்சில் பிறந்தது, சவூதி ஒளிபரப்பு அந்த முறையில் இருந்தது. செகாமுக்கும் 625 கோடுதான், 50 அரைப்படம்தான், ஆனால் கலரை மடித்து வைக்கும் விதம் வேறு.

இப்போது உங்கள் வீட்டில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்கா கேசட்டில் கோட்டுக் கணக்கே வேறு, டேப் ஓட வேண்டிய வேகமும் வேறு (அங்கே நொடிக்கு 33 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், நம்முடையது 23 சொச்சம்), அதனால் ‘பால்’ மட்டும் தெரிந்த பக்கத்து வீட்டு டெக்கில் படம் உருண்டு, குரல் இழுத்திருக்கிறது. ஜித்தா கேசட்டில் கோட்டுக் கணக்கு நம்முடையதேதான், எனவே படம் அசையாமல் நின்றது, கலர் மட்டும் வரவில்லை. அத்தா பேசும் பத்து நிமிடத்தை ‘பால்’ கேமராவில் எடுத்து, பின்னால் அதே கேசட்டில் ஏற்றியிருக்கிறார்கள், அதனால் அது கலரில் வந்தது. ஒரே டேப்பில் முன்பாதிக்கு ஒரு முறை, பின்பாதிக்கு ஒரு முறை. வளைகுடாவிலிருந்து வந்த கேசட்டுகளில் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

கடைக்காரர் கொடுத்த பென் டிரைவிலும் இதே கோளாறுதான் இருக்கும். பல டெக்குகளில் அமெரிக்கா கேசட்டை நம் டி.வி.யில் காட்டுவதற்கென்று ஒரு கலப்பு வழி உண்டு. 525 கோட்டை அப்படியே விட்டுவிட்டு, கலரை மட்டும் நம் கலர் அலையான 4.43 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி அனுப்பும். பழைய டி.வி. அதைச் சமாளித்துக் காட்டிவிடும். கம்ப்யூட்டரில் சொருகும் சின்ன கேப்சர் கருவி பெரும்பாலும் சமாளிக்காது, கலரை விட்டுவிடும், படத்தையும் விட்டு விட்டு எடுக்கும். உண்மையான என்.டி.எஸ்.சி.யின் 3.58-ல் வெளியே விட்டிருந்தால் கலர் வந்திருக்கும். முகம் அகலமானது வேறு விஷயம், 4:3 படத்தை இன்றைய அகல டி.வி. அளவுக்கு இழுத்துவிட்டார்கள்.

மாற்ற வேண்டாம், அப்படியே எடுங்கள்

நீங்கள் ‘நம் டி.வி.க்கு ஏற்றமாதிரி மாற்ற வேண்டும்’ என்று நினைப்பது நியாயம்தான், ஒரு காலத்தில் அதுதான் வழி. 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக்ஸை பிரிட்டனில் காட்டுவதற்கு பி.பி.சி. இதற்கென்றே ஒரு மின்னணுக் கருவி செய்ய வேண்டியிருந்தது, ஏனென்றால் வீட்டில் இருந்த டி.வி.க்கு ஒரு முறைதான் தெரியும். இன்று உங்கள் கூடத்தில் இருக்கும் எல்.இ.டி. டி.வி.யோ, பிள்ளைகள் கையில் இருக்கும் போனோ 25 படமும் பார்க்கும், 29.97 படமும் பார்க்கும். பிறகு எதற்கு மாற்றுவது?

மாற்றினால் என்ன இழப்பு என்று சொல்லிவிடுகிறேன். 60 அரைப்படத்தை 50 ஆக்க ஆறில் ஒன்றைத் தூக்கிப்போட வேண்டும், இல்லை ஒன்றோடு ஒன்றைக் கலந்து குழப்ப வேண்டும். குழந்தை தவழ்ந்து வரும் காட்சியில் அது அப்பட்டமாகத் தெரியும், கை ஊன்றுவதற்கும் முட்டி நகர்வதற்கும் நடுவில் எங்கேயோ ஒரு சின்ன தடுக்கல். படமாகத் தெரியும் 480 கோட்டை 576 ஆக்க, இல்லாத 96 கோட்டைக் கணக்குப் போட்டு உண்டாக்க வேண்டும். ஒருமுறை இப்படிச் செய்து அதை மட்டும் வைத்துக்கொண்டால் பழையதைத் திரும்ப எடுக்க வழியில்லை. எனவே அமெரிக்கா கேசட்டை அமெரிக்கா கணக்கிலேயே, 720×480, 29.97-ல் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். நிக்காஹும் ஜித்தாவும் 720×576, 25-ல். அப்புறம் யாருக்காவது டி.வி.டி. வேண்டும், வாட்ஸ்அப்பில் வேண்டும் என்றால் அந்த மூலத்திலிருந்து எத்தனை காப்பி வேண்டுமானாலும் போடலாம்.

பரணில் இருக்கும் டெக்

கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், ‘அத்தா கொண்டுவந்த டெக் பரணில் கிடக்கிறது, ஓடாது, காயலான் கடைக்குப் போடச் சொல்கிறார்கள்.’ தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். அந்த நாட்களில் வளைகுடாவில் விற்றவற்றில் பல மல்டி சிஸ்டம் டெக்குகள், ஒன்றுக்கு மேற்பட்ட முறையைப் படிப்பவை. போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மீனம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தவர்களை எனக்குத் தெரியும். பரணில் ஏறி அதன் முகப்பைத் துடைத்துவிட்டுப் பாருங்கள், பால், மெசெகாம், என்.டி.எஸ்.சி. என்று எழுதிய சுவிட்ச் இருக்கிறதா என்று. மெசெகாம் என்பது செகாம் ஒளிபரப்பை வி.எச்.எஸ். கேசட்டில் பதிய மத்திய கிழக்கில் பயன்படுத்திய முறை. அது இருந்தால் ஹஜ் கலரில் வருவதற்கான சாவி உங்கள் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது.

ஆனால் ஆசையில் உடனே பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். சவூதி வீடுகளில் 127 வோல்ட்டும் இருந்தது, 220-ம் இருந்தது. டெக்கின் பின்பக்கம் வோல்ட்டேஜ் மாற்றும் சின்ன சுவிட்ச் 110-லோ 127-லோ இருந்தால், நம் 230-ல் போட்ட நொடியில் பவர் சப்ளை போய்விடும். பழைய ஆள் ஒருவரிடம் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட் கூழாகியிருக்கும், கெபாசிட்டர் காய்ந்திருக்கும், பிஞ்ச் ரோலர் ரப்பர் கல்லாகியிருக்கும். பெரும்பாலும் இவைதான், இவை சரிசெய்யக்கூடியவை. சரியானதும் முதலில் போட வேண்டியது யாருக்கும் வேண்டாத ஒரு சினிமா கேசட். அது இரண்டு மணி நேரம் கசங்காமல் ஓடி வெளியே வந்தால்தான் உங்கள் கேசட்டைத் தொட விட வேண்டும்.

தம்பி சொல்கிறபடி இணையத்தில் டெக் வாங்குவதை நான் அவ்வளவாக விரும்பவில்லை. ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் நிறுத்தியதோடு உலகத்தில் வி.சி.ஆர். உற்பத்தியே முடிந்துவிட்டது. விற்பதெல்லாம் பழசுதான், ‘வொர்க்கிங் கண்டிஷன்’ என்றால் விளக்கு எரிகிறது என்று மட்டும் அர்த்தமாக இருக்கலாம். பானசோனிக் ஏ.ஜி.-டபிள்யூ1, சாம்சங் எஸ்.வி.-5000டபிள்யூ மாதிரி எல்லா முறையும் தெரிந்த டெக்குகள் உண்டு, உள்ளேயே மாற்றியும் தரும். மூன்று கேசட்டுக்காக அதைத் தேடி அலைவதைவிட அது இருக்கும் ஆளைத் தேடுவது மேல். அக்காவிடம் சொல்லி அமெரிக்க டெக் வரவழைக்கும் யோசனையும் வேண்டாம், அது 120 வோல்ட் கருவி, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இங்கே எரிந்துவிடும்.

அமெரிக்காவுக்கு அனுப்பலாமா? அந்த ஒரு கேசட்டை மட்டும் அனுப்பலாம். அங்கே இருக்கும் எந்தச் சாதாரண டெக்குக்கும் அது தாய்மொழி. அக்கா அந்த நாட்களில் டேப்பை மிச்சம் பிடிக்க ஆறு மணி நேர வேகத்தில் பதிந்திருந்தால், நம் பக்கத்து டெக்குகள் அதில் திணறும், அமெரிக்க டெக் சரியாகப் படிக்கும். கூரியரில் வேண்டாம், லீவுக்கு வந்து போகிறவர்கள் கைப்பையில் கொடுத்தனுப்புங்கள். விமான நிலைய எக்ஸ்ரே டேப்பை ஒன்றும் செய்யாது, காந்தம்தான் எதிரி. மற்ற இரண்டையும் அனுப்பாதீர்கள், இங்கே அமெரிக்கா கேசட் பட்ட பாட்டை அங்கே அவை படும்.

வெயிலில் வைத்த கேசட்

நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள், தெரியாமல் செய்தது. ஆனால் இனி வேண்டாம். நம் வெயில் என்ன வெயில் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாடித் தரையில் கறுப்பு பிளாஸ்டிக் கூடு நெளியும், உள்ளே டேப்பும் நெளியும், பூசணமோ சாகாது. அந்தக் கேசட்டை எந்த டெக்கிலும் போடாதீர்கள். போட்டால் பூசணம் ஹெட்டில் ஏறி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தாவும். கண்ணாடி ஜன்னல் வழியாக டேப் சுற்றைச் சாய்த்துப் பாருங்கள், வெள்ளை மாவு ஓரத்தில் மட்டும் இருக்கிறதா, சுற்று முழுக்க இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். கூட்டைப் பிரித்து, டேப்பை மெதுவாக ஓட்டிச் சுத்தம் செய்யத் தெரிந்தவர்தான் அதைச் செய்ய வேண்டும். அதுவரை மற்ற இரண்டிலிருந்து பிரித்து, மூடி இறுக்கமான டப்பாவில் நான்கைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிற்கவைத்து, வெயில் படாத அறையில் வையுங்கள். ஷூ டப்பாவில் வரும் பொட்டலம்தான், ஆம்பூர் ராணிப்பேட்டைக்காரர்களுக்கு அதற்கா பஞ்சம்!

ஓரத்தை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வி.எச்.எஸ். டேப்பில் படம் நடுவில் சாய்வாகப் பதிந்திருக்கும், சாதாரண சத்தம் மேல் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடாக நீளவாக்கில் ஓடும். ஓரம் கசங்கினாலோ பூசணம் தின்றாலோ முதலில் போவது குரல்.

கடையில் கேட்க வேண்டியவை

வேலூரிலோ சென்னையிலோ எந்தக் கடைக்குப் போனாலும் கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டே இவற்றைக் கேளுங்கள்.

– உங்கள் டெக் மெசெகாம் படிக்குமா? என்.டி.எஸ்.சி.யை 3.58-லேயே வெளியே விடுமா? ‘எல்லாம் வரும் மேடம்’ என்பது பதில் இல்லை.
– டெக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் டைம் பேஸ் கரெக்டர் உண்டா? நடுங்கும் பழைய படத்தை நேராக்கித் தருவது அதுதான்.
– எவ்வளவு பெரிய ஃபைல் தருவீர்கள்? ‘டிஜிட்டல் வீடியோ’ என்ற ஃபார்மட்டில் ஒரு மணி நேரம் சுமார் 13 ஜி.பி. வரும். இரண்டு மணி நேரத்தை ஒரு ஜி.பி.க்குள் கொடுத்தால் பிழிந்துவிட்டார்கள். பெரிய ஃபைலை ஹார்ட் டிஸ்க்கில் வாங்குங்கள், பார்ப்பதற்குச் சின்ன எம்.பி.4 தனியாக வாங்குங்கள்.
– முதல் ஐந்து நிமிடத்தை என் முன்னால் ஓட்டிக் காட்டுவீர்களா?

கொடுக்கும் முன் கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தாவை உடைத்துவிடுங்கள், யாரும் தவறி மேலே ரெக்கார்ட் செய்ய முடியாது.

அந்தக் கடை விஷயம்

நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சட்டம் இது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அந்த நிக்காஹ் வீடியோ உங்கள் குடும்பத்துடையது, காப்பி போட்டுக் கொடுத்த கடைக்கு அதில் ஒரு நொடிக்குக்கூட உரிமை கிடையாது. வீட்டுப் பெண்கள் இருக்கும் காட்சியைக் கேட்காமல் போட்டது பெரிய தப்பு, உங்கள் கோபம் சரியானது. அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, இன்றே எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, நீக்கச் சொல்லுங்கள். அவர்களிடம் இருக்கும் காப்பியை அழிக்கச் சொல்வதற்கு முன், பாதி எடுத்த நிக்காஹ் பகுதியை முழு அளவில் உங்களுக்கு வாங்கிவிடுங்கள். பூசணம் மோசமாகிவிட்டால் அதுதான் மிஞ்சும். நீக்க மறுத்தால் அந்த இணையதளத்திலேயே பதிப்புரிமைப் புகார் கொடுங்கள்.

1,500 ரூபாய்க்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து பார்க்கலாம். பில் இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய குறுஞ்செய்தி இருந்தால் எடுத்து வையுங்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்தக் கடைக்காரர் ஏமாற்றியதைவிட முறை தெரியாமல் செய்திருக்கவே வாய்ப்பு அதிகம். நேரில் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், தந்துவிட்டால் அதோடு விடலாம். படத்தை நீக்கும் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எந்தக் கேசட்டை முதலில் எடுப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். ஜித்தா கேசட்டை. அதிலும் கடைசிப் பத்து நிமிடத்தை. அது ‘பால்’ என்பதால் மல்டி சிஸ்டம் டெக்குக்குக் காத்திருக்கவே தேவையில்லை, ஹெட் சுத்தம் செய்த நல்ல டெக் எதுவும் போதும். ஹஜ் பகுதிக்கு மெசெகாம் டெக் கிடைக்கும்போது போய்க்கொள்ளலாம். பக்கத்து வீட்டு டெக்கில் இனி போட்டுப் பார்க்காதீர்கள், பிள்ளைகள் கேட்டாலும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பரணில் இருக்கும் டெக்கின் முகப்பையும், பின்பக்க ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், மாடல் எண்ணைப் பார்த்துவிட்டு அதை எங்கே கொடுக்கலாம் என்று எழுதுகிறேன்.